முதலில் வயரைப் பாருங்கள்

மதுரையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்த தொழிலில், சில வருஷங்களாக வீடுகளிலிருந்தும் அழைப்பு வருகிறது. "அண்ணே, நாஸ் ஒண்ணு வாங்கிட்டேன். வந்து கனெக்‌ஷன் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். நாஸ் என்றால் ஹார்டுடிஸ்க் போட்ட ஒரு சின்னப் பெட்டி. ஒரு கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொள்ளாமல் நெட்வொர்க்கில் தனியாக உட்கார்ந்து, வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஃபைல் கொடுக்கும், வாங்கி வைக்கும். கல்யாண போட்டோகிராபர்கள், வீடியோ எடிட்டர்கள், வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிற ஆடிட்டர்கள், பிள்ளைகளின் படங்களை போனிலேயே வைத்துப் பறிகொடுத்த குடும்பங்கள் என்று பல தரப்பும் கூப்பிடுகிறார்கள்.

போய்ப் பார்த்தால் டிஸ்க் நல்லதாக இருக்கும், பெட்டியும் நல்லதாக இருக்கும். இரண்டுக்கும் யோசித்து, விசாரித்து, காசு போட்டிருப்பார்கள். வயர் மட்டும் வீடு கட்டிய காலத்தில் யாரோ இழுத்ததாக இருக்கும், இல்லையென்றால் வயரே இருக்காது. நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பெட்டியின் வேகம் நீங்கள் பார்க்காத இடத்தில், சுவருக்குள்ளே, பிளக்குக்குள்ளே, மாடிப்படி அடியில் இருக்கிற நெட்வொர்க் ஸ்விட்சில் தீர்மானமாகிறது. பாதுகாப்பில் பாதியும் அங்கேதான்.

அடுத்து வரும் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. "எங்க வீட்ல முன்னூறு எம்பி நெட்டுண்ணே. அது பத்தாதா?" பத்துமா பத்தாதா என்ற பேச்சே இதில் இல்லை. தெருக்குழாயில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்தாலும், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வருகிற குழாய் அரை இஞ்ச் என்றால் அரை இஞ்ச் தண்ணீர்தான் வரும். இன்டர்நெட் பிளான் தெருக்குழாய். நாஸிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்குப் போகிற ஃபைல் தெருவுக்கே போவதில்லை. மாதாமாதம் கட்டுகிற பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நெட் துண்டிக்கப்பட்ட நாளிலும் வீட்டுக்குள்ளே அது ஓடும். அந்த உள்குழாய் முழுக்க முழுக்க உங்கள் சொத்து, அதைச் சரியாகப் போட்டுக்கொள்வது உங்கள் கையில் என்று இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் டூல் பையைத் திறப்பேன்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், ஃபைல் அளவை மெகாபைட்டில் சொல்கிறார்கள். எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் உச்சம், கையில் கிடைப்பது 11 சொச்சம். ஜிகாபிட் என்கிற 1000 மெகாபிட் இணைப்பில் உச்சம் 125, கிடைப்பது 110-க்கு மேல். ஒரு கல்யாணத்தை இரண்டு கேமராவில் 4கே வீடியோவாக எடுத்து 500 ஜிகாபைட் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். 100 மெகாபிட் வயரில் அது நாஸுக்குப் போய்ச் சேர பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். ஜிகாபிட்டில் ஒன்றேகால் மணி நேரம். டிஸ்கும் பெட்டியும் ஒன்றேதான், நடுவில் இருப்பது மட்டும் வேறு.

அண்ணா நகரில் ஒரு போட்டோகிராபர் தம்பிக்கு இதுதான் நடந்துகொண்டிருந்தது. கீழே ஹாலில் நாஸ், மேலே எடிட்டிங் ரூம். ராத்திரி காப்பி போட்டுவிட்டுப் படுத்தால் காலையிலும் பாதியில் நிற்கிறது என்றார். "டிஸ்க்தாண்ணே போச்சு. மாத்திரலாமா?" என்று கேட்டார். நான் டிஸ்கைத் தொடவில்லை. விண்டோஸில் நெட்வொர்க் ப்ராபர்ட்டீஸைத் திறந்து லிங்க் ஸ்பீடு என்ற ஒரு வரியைப் பார்த்தேன். 100/100 என்று இருந்தது. கம்ப்யூட்டரில் ஜிகாபிட் கார்டு, நாஸில் ஜிகாபிட் போர்ட், ஸ்விட்சும் ஜிகாபிட். அப்படியிருந்தும் 100 என்றால் குற்றம் வயரில்தான். வேறு இடத்தில் தேட வேண்டியதே இல்லை.

"டெஸ்டர் போட்டுப் பாத்தாங்கண்ணே. எட்டு லைட்டும் எரிஞ்சுச்சு" என்றார். அதுவும் உண்மைதான். என்னுடைய டெஸ்டரிலும் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எரிந்தது. இரண்டு முனையையும் அறுத்துக் கையில் எடுத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கேபிள் இழுத்தவர் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிற மாதிரி நிறத்தை அடுக்கியிருந்தார்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு பக்கமும் அதே வரிசை. ஒன்று ஒன்றுக்கும், இரண்டு இரண்டுக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்ததால் டெஸ்டருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆனால் நெட்வொர்க் கேபிள் எட்டு தனித்தனிக் கம்பி இல்லை, நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் தன்னோடு தானே முறுக்கிக்கொண்டு போகிறது. ஒரு கம்பியில் ஏறுகிற இரைச்சல் அதன் ஜோடிக் கம்பியிலும் அதே அளவு ஏறும், எதிர்முனையில் ஒன்றை ஒன்றிலிருந்து கழித்தால் இரைச்சல் போய் சிக்னல் மட்டும் மிஞ்சும். டெலிபோன் கம்பிக்காக கிரகாம் பெல் 1881-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்றைக்கும் நம் வீட்டுச் சுவருக்குள் அதுதான் வேலை செய்கிறது. நாலு ஜோடியின் முறுக்கும் நாலு விதமாக இருக்கும், ஒரு ஜோடியின் பேச்சு இன்னொன்றில் கேட்கக் கூடாது என்பதற்காக. பிளக்கில் ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் ஆறும் ஒரு ஜோடி, நாலும் ஐந்தும் ஒரு ஜோடி, ஏழும் எட்டும் ஒரு ஜோடி. நடுவில் நாலு-ஐந்தை விட்டுவிட்டு மூன்றும் ஆறும் சேர்வதற்குக் காரணம் பழைய டெலிபோன்: அதன் லைன் எப்போதும் நடு இரண்டு பின்னில் வரும், அந்த இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஆகவே சரியான வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். 568பி என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

அந்தத் தம்பி வீட்டில் மூன்றாவது பின்னில் பச்சை ஜோடியின் ஒரு கம்பி, ஆறாவது பின்னில் நீல ஜோடியின் ஒரு கம்பி. ஜோடி பிரிந்துவிட்டது. முறுக்கினால் கிடைக்க வேண்டிய பலன் மொத்தமாகப் போய்விட்டது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், தூரமும் குறைவு என்பதால் ஒப்பேற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. 1999-ல் வந்த செம்புக் கம்பி ஜிகாபிட் நாலு ஜோடியையும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் பயன்படுத்துகிறது. அதற்கு இந்த வயர் ஈடுகொடுக்காது. கார்டு முயன்று பார்த்துவிட்டுத் தானே 100-க்கு இறங்கிவிட்டது.

சுவருக்குள் போகிற கேபிளுக்கு நான் பிளக் கிரிம்ப் செய்வதில்லை. சுவரில் ஐ.ஓ. பாக்ஸ் என்கிற நெட்வொர்க் சாக்கெட் வைத்து அதில் பஞ்ச் செய்துவிட்டு, அங்கிருந்து கம்ப்யூட்டருக்குக் கம்பெனியில் செய்து வருகிற பேட்ச் கார்டு கொடுப்பேன். சுவருக்குள் ஓடுவது ஒற்றைக் கம்பி, இழுத்து மடக்கினால் பிளக்கடியில் ஒரு நாள் முறியும். பேட்ச் கார்டு மெல்லிய இழைகளால் ஆனது, வளைந்து கொடுக்கும். பஞ்ச் செய்யும்போது ஜோடியின் முறுக்கைக் கடைசி வரை பிரிக்கக் கூடாது, அரை இஞ்சுக்கு மேல் போகவே கூடாது. வேகமாக வேலை முடிக்கிறவர்கள் இரண்டு இஞ்ச் பிரித்து, நேராக நீவி, சுலபமாகச் செருகிவிடுவார்கள். டெஸ்டரில் அதுவும் எட்டு லைட்டும் எரியும். அதனால்தான் லைட் எரிந்தால் வேலை முடிந்தது என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு லேப்டாப்பை வைத்து ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை ஓட்டுவேன். அது டிஸ்கைத் தொடாமல் வயரை மட்டும் அளக்கும். ஜிகாபிட் லைன் என்றால் 940 மெகாபிட் வர வேண்டும். இரண்டு திசையிலும் ஓட்டி, 940 வந்த பிறகுதான் கவர் பிளேட்டை மூடுவது. தம்பியின் வீட்டிலும் அப்படி மூடிவிட்டுத்தான் இறங்கினேன். அதே டிஸ்கில் இன்றும் வேலை செய்கிறார்.

கேபிள் வாங்கும்போதே நடக்கிற தவறு ஒன்று உண்டு. 305 மீட்டர் பெட்டி ஒன்று ஒரு கடையில் ஒரு விலை, அடுத்த கடையில் பாதி விலை. பாதி விலைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், கனம் இருக்காது. உள்ளே அலுமினியக் கம்பிக்கு மேல் மெலிதாகச் செம்பு பூசியிருப்பார்கள். தொழிலில் சி.சி.ஏ. என்பார்கள். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். முழுச் செம்பு உள்ளேயும் சிவப்பாக இருக்கும், சி.சி.ஏ. வெள்ளையாகப் பல்லிளிக்கும். இதன் மின்தடை செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டு முறை மடக்கினால் முறிகிறது. பஞ்ச் செய்த இடத்தில் நாளாக நாளாகத் தளர்கிறது. கேபிள் வழியாகவே கரண்ட் போகிற வைஃபை பெட்டிக்கும் கேமராவுக்கும் இது ஆகவே ஆகாது. பெட்டியின் மேல் கேபிள் ரகம் கேட்-6 என்று அச்சடித்திருந்தாலும் கேபிள் தரநிர்ணயங்கள் செம்பைத்தான் ஏற்கின்றன. சுவருக்குள் ஒருமுறை போனது இருபது வருஷம் கிடக்கப் போகிறது. அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

அதே சமயம் தேவைக்கு மேல் செலவழிக்கவும் நான் சொல்லமாட்டேன். இப்போதெல்லாம் பத்து ஜிகாபிட் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு நல்ல ஹார்டுடிஸ்க் நொடிக்கு 200 மெகாபைட் அருகில்தான் கொடுக்கும். இரண்டு டிஸ்கிலும் ஒரே பிரதியை எழுதுகிற மிரரில் இருக்கிற வீட்டு நாஸுக்கு 2.5 ஜிகாபிட் தாராளம். 2016-ல் வந்த அந்தத் தரத்தைப் பழைய கேட்-5இ கேபிளிலேயே நூறு மீட்டர் ஓடும்படிதான் வடிவமைத்தார்கள். நல்ல செம்பும் சரியான பஞ்சும் இருந்தால் சுவரை உடைக்காமல், இரண்டு முனையிலும் கார்டையும் ஸ்விட்சையும் மட்டும் மாற்றி வேகத்தை இரட்டிப்பாக்கலாம். பத்து ஜிகாபிட் எஸ்.எஸ்.டி. நிறைய போட்டு, பலர் ஒரே நேரத்தில் எடிட் செய்கிற ஸ்டுடியோவுக்கு உரியது. அதற்கு கேட்-6 கேபிள் 55 மீட்டர் வரை தாங்கும், நூறு மீட்டருக்கு கேட்-6ஏ வேண்டும். நாஸின் பின்னால் இரண்டு போர்ட் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் செருகினால் வேகம் இரண்டு மடங்கு என்று நினைப்பவர்கள் அதிகம். சாதாரணமாகச் செய்கிற இணைப்பில், ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிற ஒரு காப்பி ஒரு வயரில்தான் போகும். இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால்தான் இரண்டாவது வயருக்கு வேலை.

நெட் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போகிற பெட்டியின் மேல் வீட்டு நெட்வொர்க் மொத்தத்தையும் நம்பி வைக்காதீர்கள். நாலு போர்ட் இருக்கும். சில மாடல்களில் ஒன்று மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. நாஸை அதில் செருகினால் நான் மேலே எழுதிய பன்னிரண்டரை மணி நேரக் கதைதான். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் கிடைக்கிறது. நாஸ், எடிட்டிங் கம்ப்யூட்டர், டிவி எல்லாம் அந்த ஸ்விட்சில் சேரட்டும். ஸ்விட்சிலிருந்து ஒரு வயர் மட்டும் அந்தப் பெட்டிக்குப் போகட்டும். அப்போது ஃபைல் போக்குவரத்து ஸ்விட்சுக்குள்ளேயே முடிந்துவிடும்.

முடிந்தால் சொந்தமாக ஒரு ரவுட்டரும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம் முகவரி. நாஸுக்கு 192.168.1.50 என்று கையால் முகவரி அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் கழித்து வீட்டுக்காரர் நெட் கம்பெனியை மாற்றுவார். புதுப் பெட்டி 192.168.29 என்ற வரிசையில் முகவரி கொடுக்கும். கம்ப்யூட்டர், போன் எல்லாம் புது வரிசைக்குப் போய்விடும், நாஸ் மட்டும் பழைய முகவரியிலேயே நிற்கும். பெட்டி நன்றாகத்தான் இருக்கும், யாராலும் உள்ளே போக முடியாது. "என் பொண்ணு கல்யாண வீடியோ எல்லாம் போச்சு தம்பி" என்று குரல் நடுங்கப் பேசியவர்களும் உண்டு. எதுவும் போகவில்லை, முகவரிதான் பிசகியது. சொந்த ரவுட்டர் இருந்து, அதில் நாஸின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கி வைத்துவிட்டால், வெளியே எந்தக் கம்பெனி வந்தாலும் போனாலும் வீட்டுக்குள் ஒன்றும் மாறாது. அந்த ஐபியையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும்படி வைக்கச் சொல்லிவிட்டு வருவது என் வழக்கம்.

செட்டிநாட்டுப் பக்கம் போனால் வேலை வேறு மாதிரி. காரைக்குடிக்கு அருகில் ஒரு பெரிய வீடு. இந்தத் தெருவில் முகப்பு, அந்தத் தெருவில் பின்வாசல். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக்கட்டாக நீள்கிறது. பர்மா, மலாயாவில் கொண்டுவிற்ற காலத்துப் பேரேடுகளையும் கடிதங்களையும் பழைய போட்டோக்களையும் குடும்பத்தார் ஸ்கேன் செய்து சேர்க்கிறார்கள். ஸ்கேனர் முகப்பு அறையில், நாஸ் பின்கட்டில் பூட்டுப் போட்ட அறையில். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வைஃபை பூஸ்டர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துவிட்டு, ஏன் எட்டவில்லை என்று கேட்டார்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் கை நீளத்துக்கு இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. பூஸ்டரோ வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புவதால் கிடைத்த வேகத்திலும் பாதியை இழக்கிறது.

வீட்டிலிருந்த ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். "செவத்துல ஓட்டை போடாதீக தம்பி. தரைக்கல்லையும் தொடாதீக." ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது என்று ஊரார் சொல்லும் வழவழப்பான சுவர். ஆச்சி சொன்னது நியாயம். வளவைச் சுற்றித் தேக்குத் தூண்களுக்கு மேலே உத்திரம் ஓடுகிறது. அதன் மேல்புறம் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கேபிளை உத்திரத்தின் மேலேயே படுக்க வைத்துக்கொண்டு போனேன். ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குக் கதவு நிலைக்கு மேலுள்ள காற்றுப் பலகணி வழியாகவே போய்விட்டது. ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை.

அங்கே இழுத்தது செம்பு இல்லை, ஃபைபர். தூரம் நூறு மீட்டருக்குள்தான், செம்பும் எட்டியிருக்கும். ஆனால் நடுவில் திறந்த முற்றங்கள் இருக்கின்றன, பின்கட்டுக்குத் தனி மின் இணைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கினால் நீளமான செம்பு கேபிளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு இரண்டு முனையிலும் இருக்கிற போர்ட்டுகளைச் சுட்டுவிடும். மழைக்காலத்தில் எனக்கு வருகிற அழைப்புகளில் இதுவே அதிகம். பெரும்பாலும் மொட்டைமாடி சிசிடிவி கேமராவுக்குப் போகிற கேபிள்தான் வழி. மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டும் என்பதுகூட இல்லை, பக்கத்தில் எங்காவது விழுந்தாலே போதும். கேமரா போகும், ஸ்விட்ச் போகும், அதோடு நாஸின் போர்டும் போகும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. இரண்டு பக்கமும் ஃபைபர் போர்ட் உள்ள சின்ன ஸ்விட்ச், நடுவில் ஃபைபர், இடி இந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: வெளியே தொங்க விடுகிற டிராப் ஃபைபரில் தாங்கலுக்கு ஒரு ஸ்டீல் கம்பி சேர்ந்து வரும். அதை வீட்டுச் சுவருக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டி வெட்டிவிட வேண்டும். உள்ளே கொண்டுவந்தால் ஃபைபர் போட்டதன் பலனே இல்லை. மொட்டைமாடிக் கேமரா, அவுட்ஹவுஸ், பம்ப்செட் ரூம் என்று கட்டடத்தை விட்டு வெளியே போகிற எந்த லைனாக இருந்தாலும் நான் இப்போது ஃபைபரைத்தான் சொல்கிறேன். விலையும் முன்போல இல்லை.

முகப்பிலும் வளவிலும் பின்கட்டிலும் ஒவ்வொரு வைஃபை பெட்டியை வயரில் கட்டினோம். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அங்கிருந்தே பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். ரவுட்டரில் போர்ட் திறந்து நாஸை நேராக இன்டர்நெட்டில் காட்டுவது சுலபமான வழி போலத் தெரியும். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு பிணைத்தொகை வைரஸ்கள் இன்டர்நெட்டில் திறந்து கிடந்த வீட்டு நாஸ்களைத் தேடித் தேடிப் பூட்டின. வருஷக்கணக்கான குடும்பப் படங்களைப் பூட்டி வைத்துவிட்டு பிட்காயின் கேட்டார்கள். நாஸின் நிர்வாகப் பக்கத்தையோ ஃபைல் பகிர்கிற 445 போர்ட்டையோ வெளியே திறக்கச் சொன்னால், எவ்வளவு வேண்டிய வாடிக்கையாளர் ஆனாலும் நான் செய்வதில்லை.

திறந்தாலும் பல வீடுகளில் வேலை செய்யாது என்பது இன்னொரு விஷயம். ஐபி முகவரிகள் போதாததால் நெட் கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. ரவுட்டரில் வெளி முகவரி என்ற இடத்தில் 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்குகிற எண் இருந்தால் உங்கள் வீடும் அப்படித்தான். வெளியிலிருந்து வருகிறவர் உங்கள் வாசலுக்கு வரவே முடியாது. வீட்டுக்காரர்கள் பலர் இது தெரியாமல் ரவுட்டர் செட்டிங்கோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள். இதற்குத் தீர்வு விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியாகவே போடுகிற பூட்டிய தனிப்பாதை. வயர்கார்டு என்ற முறை 2020-ல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் மாதிரியான சேவையில் நாஸ், சிங்கப்பூர் லேப்டாப் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டால், இரண்டும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்கின்றன. ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. ஆச்சியின் பேரன் சிங்கப்பூரில் உட்கார்ந்து கொள்ளுப்பாட்டனாரின் கையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வீடியோ காலில் ஆச்சி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள், அவர் குறித்துக்கொண்டே போனார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்தபோது, இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக மனசு நிறைந்தது.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கிற அந்த ஒரு கணத்தில் சில பெட்டிகள் அணைந்து எழும். எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் ஃபைல் கெடும். நாஸுக்கு யூஎஸ்பி வயர் கொடுக்கக்கூடிய ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். பேட்டரி தீரப்போகிறது என்று அது சொன்னதும் நாஸ் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். அதே யூபிஎஸ்ஸில் ஸ்விட்சையும் சேர்த்துவிடுங்கள். ஸ்விட்ச் அணைந்துவிட்டால் எடிட் செய்துகொண்டிருப்பவரின் காப்பி பாதியில் அறுந்துவிடும்.

இரண்டு டிஸ்க் மிரரில் இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிரர் ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். தெரியாமல் அழித்ததையும், வைரஸ் பூட்டியதையும், திருட்டையும், தண்ணீர் புகுந்ததையும் காப்பாற்றாது. அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர். அனுபவப்பட்ட தொழில்காரர் சொன்னது, அப்படியே பின்பற்றலாம். தங்கை வீட்டில் ஒரு டிஸ்க் இருந்தால்கூடப் போதும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நெட்வொர்க்குக்கு என்று தனி பைப் போடச் சொல்லுங்கள். கரண்ட் வயர் போகிற பைப்பில் இதைச் சேர்க்கக் கூடாது, பக்கத்திலேயே ஒட்டியும் போகக் கூடாது. ஒரு இஞ்ச் பைப், வளைவில் எல்போ இல்லாமல் நீள வளைவு, ஒவ்வொரு அறைக்கும் டிவி இருக்கப்போகிற இடத்துக்கும் ஒன்று. எல்லாம் வந்து சேர ஒரு இடம் வேண்டும், அங்கே காற்றோட்டமும் இரண்டு பிளக் பாயிண்டும் இருக்கட்டும். ஒரு பாயிண்டுக்கு ஒரு கேபிள் போதும் என்பார்கள், இரண்டாகப் போடுங்கள். இரண்டு முனையிலும் எந்த அறை என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மொட்டைமாடிக்கும் ஒரு பைப் விட்டு, உள்ளே இழுகம்பி ஒன்றைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கேபிள் பெட்டியை எலெக்ட்ரீஷியனே வாங்கி வரட்டும். பிளேடால் சுரண்டிப் பார்க்கும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.